நான் கொடுத்த மாத்திரை

அன்புள்ள அக்கா,

"நோவு ஒண்ணுதானே டீச்சர், அப்பறம் மருந்து மட்டும் ஏன் வேற?"

நீங்கள் என்னிடம் கேட்ட இந்தக் கேள்வி இன்று காலை கோப்பெங் சாலையில் திரும்ப வந்தது. பழைய மாணவி ஒருத்தியின் புதுமனை விழாவுக்குப் போய்விட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் என் காருக்கு முன்னால் ரப்பர்த் தோட்டத்து ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அந்த நாற்றத்தை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி இறக்கிவிட்டேன். பச்சை விழும்வரை அதை மூச்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எங்க கல்யாணச் சேலையிலகூட இந்த வாடைதான் டீச்சர், சென்ட்டு போட்டாலும் மேல ஏறி உக்காந்துக்கும்" என்று நீங்கள் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

பள்ளியின் ஆண்டு மலருக்கு, சிற்றுண்டிச்சாலையில் சமைத்த உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உழைப்பாளி, பிள்ளைகள் மீது பாசமுள்ளவர் என்று எழுதலாம். அதைப் படித்தால் நீங்களே "இது யாரைப் பத்தி?" என்று கேட்பீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முப்பத்தொரு வருடம் நான் கணக்கும் அறிவியலும் நடத்தினேன். பிள்ளைகள் எதையாவது கேட்டு எனக்கு விடை தெரியாவிட்டால், "தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லக் கூச்சப்பட்டதில்லை. உங்கள் கேள்விக்கு மட்டும் தெரிந்த மாதிரி பதில் சொன்னேன். பதில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், படிப்பவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வருவதற்கு ஆறேழு வருடம் முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கதிர் சிகிச்சை, அதன் பிறகு தினம் ஒரு வெள்ளை மாத்திரை, ஐந்து வருடம். அறுவை முடிந்து வீட்டில் கிடந்த நாட்களில் நீங்கள் விரால் மீன் சூப் வைத்துக் கொண்டுவந்தீர்கள். புண் ஆறும் என்று மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒன்றாக நம்புகிற மருந்து அது. "நல்லா இருக்கான்னு கேக்க மாட்டேன், நல்லா இருக்காது, குடிங்க" என்று முன்னால் நின்று முழுவதையும் குடிக்க வைப்பீர்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு, காலைச் சபை முடிந்ததும் சிற்றுண்டிச்சாலைக்கு வந்துதான் மாத்திரையைப் போடுவேன். நான் உள்ளே நுழையும்போதே ஒரு குவளை வெந்நீர் மேசையில் இருக்கும். மாத்திரை போட்டாயிற்றா என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. குவளை காலியாகும்வரை அடுப்புப் பக்கம் திரும்பாமல் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர் நீங்கள். நான் அக்கா என்றேன், நீங்கள் கடைசிவரை டீச்சர் என்றீர்கள்.

ஐந்து வருடம் முடிந்தபோது மருத்துவர் மாத்திரை போதும் என்றார். இரண்டு மாதத்து மாத்திரை கையில் மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். சமையலறை அலமாரியில் மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் என்று கேட்டால், உயிரைக் காப்பாற்றிய பொருளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், சிலிபின் சந்தையில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் முழங்கையைப் பிடித்து இழுத்தீர்கள். "டீச்சர், ஒரு எலுமிச்சங்காய் மாதிரி இருக்கு. வலியில்ல. ஒங்களுக்கும் வலி இல்லாமத்தானே இருந்துச்சு?" என்றீர்கள். கீரைக்காரர் காதில் விழாத குரலில்தான் சொன்னீர்கள், ஆனால் பிடி இறுகியிருந்தது. அந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஊசியால் குத்திக் கட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்கள்.

அறிக்கை வந்த அன்று மருத்துவர் அறையில் நானும் இருந்தேன். இளம் மலாய்ப் பெண், பொறுமையாகப் பேசுகிறவர். கட்டி புற்றுநோய்தான் என்றார். பிறகு ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். மாதிரியைச் சாயத்தில் தோய்த்து மூன்று குறிகளைத் தேடிப் பார்ப்பார்களாம். முதல் இரண்டும் பெண்களின் உடலில் ஊறும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் குறிகள். அவை உங்கள் கட்டியில் இல்லை. மூன்றாவது, ஹெர்-2 என்ற குறி. அது கட்டியை வேகமாக வளரச் சொல்லுகிற ஒன்று. உங்கள் மாதிரியில் அது இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, சாயம் நடுத்தரமாக ஏறியிருக்கிறது, வேறொரு சோதனைக்குக் கோலாலம்பூர் அனுப்பியிருக்கிறோம், அந்த முடிவு வந்த பிறகுதான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும் என்றார். மூன்று நான்கு வாரம் ஆகலாம். எப்படியும் ஊசி மருந்து உண்டு, முடி கொட்டும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

காரில் ஏறியதும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். நோவு ஒன்று, மருந்து ஏன் வேறு. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, டாக்டர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் அதிக ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள் அக்கா என்றேன். அது பதிலே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் பயம் எனக்குத் தெரிந்ததுதான். உங்கள் நாத்தனார் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். என்ன நோய், எந்த நிலை என்று யாருக்கும் தெரியாது. தலை மொட்டையாகப் படுத்திருந்தது மட்டும்தான் எல்லாருக்கும் நினைவிருந்தது. நான் மாத்திரை சாப்பிட்டு முடியோடு நடமாடியதும் அப்படித்தான் எல்லாருக்கும் நினைவிருந்தது.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசர் ஒரே பாட்டிலிலிருந்து எல்லாருக்கும் மருந்து ஊற்றிக் கொடுத்த கதையைச் சொன்னீர்கள். ஒருவருக்குக் குணமானால் அவர் வீட்டில் மிச்சமிருந்த மருந்துக்கு அடுத்த வீட்டில் மதிப்பு கூடிவிடுமாம். ராசியான மருந்து என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களாம். கொடுக்காமல் இருப்பது பகை. எனக்கும் அது புதிதல்ல, என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த வெள்ள மாத்திரை மிச்சம் இருக்குன்னு சொன்னீங்களே. ரிசல்ட்டு வர வரைக்கும் போட்டுக்கிறேன்லா. ஒங்க கை ராசியான கை."

நான் யோசித்தேன் அக்கா. யோசிக்காமல் கொடுத்தேன் என்று எழுதினால் அது பொய். சும்மா காத்திருப்பதைவிட ஏதாவது செய்வது மேல், என்னைக் காப்பாற்றியது உங்களை என்ன செய்துவிடப் போகிறது என்று யோசித்து, மைலோ டின்னை நகர்த்தி, எல்லா அட்டைகளையும் எடுத்து உங்கள் கையில் வைத்தேன். என் பெயர் ஒட்டியிருந்த பொட்டலத்தோடு கொடுத்தேன். அன்று உங்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் நிம்மதி வந்தது.

பத்துப் பன்னிரண்டு நாளில் உங்கள் உடம்பு திகுதிகுவென்று காந்த ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது. அந்த மாத்திரை செய்கிற வேலை அது, எனக்கும் ஐந்து வருடம் இருந்தது. நீங்கள் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னீர்கள், "வேல செய்யுது டீச்சர், உள்ள எரிக்கிறது தெரியுது." பக்க விளைவை நீங்கள் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

நான்கு வாரம் ஆனபோது மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவசரத் தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தீர்கள். சோதனை முடிவு வந்துவிட்டது, இரண்டு தடவை அழைத்தும் நோயாளி எடுக்கவில்லை, சொன்ன நாளுக்கு வரவும் இல்லை என்றார் தாதி. உங்கள் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. தெலுக் இந்தானில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் ஊசி மருந்துக்குப் பயந்து ஓடவில்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் போயிருந்தீர்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்.

தெலுக் இந்தானுக்குப் புறப்படும் முன் மருத்துவமனைக்கு நேரில் போய்த் தாதியைப் பார்த்தேன். மற்றவர் அறிக்கையைச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அன்று என்ன மாத்திரை கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால் என் கோப்பைப் பார்த்துச் சொல்லலாம் என்றார். என் அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்தார். ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டவள், அந்தத் தாளை அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன். ஹார்மோன் குறிகள் இரண்டும் பலமாக இருக்கின்றன என்று போட்டிருந்தது. என் கட்டிக்கு ஹார்மோன்தான் தீனி. அந்த வெள்ளை மாத்திரை தீனி போகும் வாயில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டது. உங்கள் கட்டியில் அந்த வாயே இல்லை என்று மருத்துவர் சொல்லி நான்கு வாரம் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தேன்.

தெலுக் இந்தானில் உங்கள் மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் சமையல் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நீங்கள், "இந்தா, போலிஸ் வந்துருச்சு" என்றீர்கள். நான் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மறந்தால் ஆசிரியர் என்ன செய்வார், கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் எடுப்பார். மருமகளிடம் ஓர் உருளைக்கிழங்கும் ஒரு முள்ளங்கியும் கேட்டேன். என் காரிலிருந்த முதலுதவிப் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்துத் தண்ணீரில் கலந்துகொண்டேன். இரண்டையும் தோல் சீவி ஒரே மாதிரி வில்லையாக வெட்டித் தட்டில் வைத்தேன்.

எது உருளைக்கிழங்கு, எது முள்ளங்கி, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "சமைக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றீர்கள். சமைக்காதவர் பார்த்தால் என்றேன். சமைக்காதவருக்கு இரண்டும் வெள்ளை என்று ஒப்புக்கொண்டீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டேன். உருளைக்கிழங்கில் விழுந்தது கருநீலமாகிவிட்டது. முள்ளங்கியில் விழுந்தது மஞ்சளாகவே கிடந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருபது தடவையாவது செய்து காட்டியிருப்பேன்.

"இது என் கட்டி" என்று கறுத்ததைக் காட்டினேன். "இது உங்களது. என் மாத்திரை கறுக்கிறதுக்கு மட்டும்தான் மருந்து அக்கா. உங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. எரிச்சல் எனக்கும் இருந்தது, அது குணம் இல்லை. தெரிந்துகொள்ளாமல் கொடுத்துவிட்டேன்."

நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். "அப்ப நான் முள்ளங்கி" என்றீர்கள் கடைசியில். முள்ளங்கிக்கும் தனிக் குறி உண்டா என்றுதான் கோலாலம்பூரில் தேடினார்கள், முடிவு வந்துவிட்டது, என்னவென்று உங்களிடம்தான் சொல்வார்கள் என்றேன்.

திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாகத்தான் நீங்கள் அந்தக் கதையைச் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கோப்பெங்குக்கு அப்பால் இருந்த தோட்டத்தில் நீங்கள் மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த காலம். எண்ணெய்க்காகச் செம்பனை நடுவதற்கு முன்னால், கித்தா என்கிற ரப்பர் மரங்களில் பால் கூடுதலாக வர ஒரு மஞ்சள் மருந்து கொண்டுவந்தார்கள். வெட்டுக்காயத்துக்குக் கீழே தூரிகையால் தடவ வேண்டும். ஆனால் எல்லா மரத்துக்கும் இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முன்கூட்டியே போய்த் தடவ வேண்டிய மரத்துக்கு வெள்ளைச் சாயத்திலும், தடவக்கூடாத மரத்துக்குச் சிவப்புச் சாயத்திலும் குறி போட்டுவிட்டார். மரம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒட்டுக்கட்டிய ஜாதி வேறு வேறு. உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது, பக்கத்து நிரையில் வெட்டியவளைவிடப் பால் கூட எடுக்க வேண்டும் என்ற வீம்பு. சிவப்புக் குறி போட்ட மரங்களிலும் தடவிவிட்டீர்கள்.

"மொத மாசம் பால் புடிக்கிற மங்கு நெரம்பி வழிஞ்சிச்சி டீச்சர். மண்டோருக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சேன். மூணாவது மாசம் உளி வச்சா பட்டை பொடியா உதிருது. ஒரு சொட்டு இல்ல. பதினேழு மரம். அப்பறம் அதுங்க எந்திரிக்கவே இல்ல."

தட்டிலிருந்த வில்லைகளை ஒரு பக்கம் தள்ளிவைத்தீர்கள். பிறகு என் தோளில் ஓர் அடி வைத்தீர்கள்.

"நீங்களும் செவப்புக் குறியில தடவிட்டீங்க. வாங்க, மண்டோரு பாக்குறதுக்கு முன்ன நாமளே போயி சொல்லிருவோம்."

மறுநாள் காலை மருத்துவர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். மாத்திரை விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்றிலிருந்து, எத்தனை, கால் வீங்கியதா, மூச்சு வாங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மாத்திரை சிலருக்கு இரத்தத்தை உறையவைக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நல்ல வேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பிறகு சோதனை முடிவைச் சொன்னார். மூன்றாவது குறி இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. அந்தக் குறியையே தேடிப் பிடிக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு, வழக்கமான மருந்தோடு சேர்த்து அதையும் ஏற்ற வேண்டும், அதற்கு முன் இதயம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்.

குறி இருந்தால் கட்டாயம் குணமாகுமா என்று நீங்கள் மலாயில் கேட்டீர்கள். குறி இல்லாதவருக்கு இந்த ஊசியால் பயனில்லை என்று என்னால் சொல்ல முடியும், குறி இருப்பவர் எல்லாருக்கும் பயன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, வாய்ப்பு நிறைய உண்டு என்றார். நான் உங்களுக்கு அதை எப்படி விளக்கினேன் தெரியுமா, தேர்வு நுழைவுச் சீட்டு மாதிரி என்றேன். சீட்டு இல்லாதவர் மண்டபத்துக்குள் போக முடியாது, உள்ளே போனவர் எல்லாரும் தேறுவதும் இல்லை. "எனக்கு ஒங்க ஒதாரணம் இல்லாமலே புரிஞ்சிச்சி" என்றீர்கள்.

எழும்போது நான் என் கேள்வியைக் கேட்டேன். இந்த நான்கு வாரம், அதற்கு மேல் ஓடிப்போன நாட்கள், அதனால் நோய் முற்றியிருக்குமா. மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். அதைச் சொல்லும் பரிசோதனை எங்களிடம் இல்லை என்றார். எனக்கு ஆறுதல் சொல்லலாமே என்று அன்று அவர் மேல் வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. முடி கொட்டியது. நீங்கள் பாத்திக் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, முடிந்த நாட்களில் சிற்றுண்டிச்சாலைக்கும் போனீர்கள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, பாட்டி ஏன் துணி கட்டியிருக்கீங்க என்று கேட்டதற்கு, "நாசி லெமாக்குல முடி விழுதுன்னு ஒங்க தலைமையாசிரியர் கம்ப்ளேன் பண்ணிட்டாரு" என்று சொன்னீர்களாம். எலுமிச்சங்காய் இரண்டாவது ஊசிக்குப் பிறகு பாக்கு அளவானது. நான்காவதுக்குப் பிறகு விரலுக்குத் தட்டுப்படவில்லை. அறுத்து எடுத்ததைச் சோதித்தபோது உயிருள்ள புற்றணு எதையும் காணவில்லை என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, மருத்துவமனைக் கார் நிறுத்தும் இடத்தில், நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று பிடி இறுகவில்லை.

நான்கு நல்ல வருடங்கள் வந்தன. பேத்தி பிறந்தாள். நாம் இருவரும் ஒரு தைப்பூசத்துக்கு முழு தூரமும் நடந்தோம்.

ஐந்தாம் வருடம் வலது விலாவுக்குக் கீழே வலித்தது. நோய் ஈரலில் வந்திருக்கிறது என்றார்கள். மருத்துவர் மறுபடி ஊசி குத்தி மாதிரி எடுக்க வேண்டும் என்றபோது, ஏற்கெனவேதான் பார்த்தாயிற்றே என்று கேட்கப் போனவள் நான்தான். நீங்கள் என்னை நிறுத்தினீர்கள்.

"ஒட்டுக்கட்டின எடத்துக்குக் கீழருந்து மொளைக்கிறது அதே ஜாதி மரமா இருக்காதுலா டீச்சர். பாத்துத்தான் ஆகணும்."

பார்த்தார்கள். குறி மங்கிப்போயிருந்தது. பழைய ஊசிக்கு இனிப் பிடிமானம் இல்லை. வேறு மருந்து தந்தார்கள், அது சில மாதங்களைத் தந்தது. அதற்குப் பிறகு நீங்களே போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

சிலிபின் வீட்டில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் காலை வேளைகளில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. அந்த வாரங்கள் இல்லாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே பேசினீர்கள்.

"பதினேழு மரம் போச்சுன்னுதானே சொன்னேன். மறுநா காலைல மத்த மரத்த வெட்டப் போகலன்னா சொன்னேன்?"

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் நீங்கள் போய்விட்டீர்கள். மகனும் மருமகளும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் வெட்டப் போகிற மரங்கள் எவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிலிபினிலும் சுற்று வட்டாரத்திலும் இந்த நோய் வந்த பெண்கள் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். ஓய்வு பெற்ற டீச்சர், கார் இருக்கிறது, மலாய் பேசுவாள் என்பதால் துணைக்கு அழைக்கிறார்கள். நான் அவர்களுக்கு மருந்து சொல்வதில்லை. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வைக்கிறேன். மூன்று குறிகளும் எந்த வரியில் இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டுகிறேன். புத்தகத்தில் இவற்றை உயிர்க்குறிகள் என்கிறார்கள். இப்போது இந்த மூன்றோடு வேறு சில குறிகளையும் பார்க்கிறார்கள், சிலருக்கு ஊசியே தேவையில்லை என்று சொல்லக்கூடிய சோதனைகூட வந்திருக்கிறதாம். எனக்கு அது முழுதும் புரியவில்லை. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, மருத்துவரிடம் கேட்கச் சொல்லி உள்ளே அனுப்புகிறேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, என் காரில் அன்று உங்களுக்கு இதை நான் செய்யவில்லையே என்ற நினைப்பு வரும். வந்துவிட்டுப் போகும். முன்போல அங்கேயே தங்குவதில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. முடிவு வரக் காத்திருக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அதில் வேறொருவர் பெயர் ஒட்டியிருந்தது. கொழுந்தியாள் கொடுத்ததாம், அவளுக்கு நல்ல ராசியாக இருந்ததாம், நல்ல மனசோடு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையாம். எனக்கு அந்தக் கொழுந்தியாள் மேல் கோபம் வரவில்லை அக்கா. அவள் யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் காட்டவில்லை. ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்து, கொழுந்தியாளைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். கொழுந்தியாளுக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண் பொட்டலத்தை மூடி, மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் முடிவுக்காகக் காத்திருந்தாள்.

ஆண்டு மலரில் இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தக் கேள்வியையே தருகிறேன். மார்பகப் புற்றுநோய் உள்ள ஒருவரிடம், "இன்னாருக்கு இந்த மருந்து கேட்டுச்சு, நீயும் போட்டுக்க" என்று யாராவது சொன்னால், அப்படிச் சொன்னவரிடம் கோபப்படாமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அவங்க கட்டியில என்ன குறி இருந்துச்சு?"